எதிர்ப்பவர் யாராவது உண்டா

ரெகொபோத் குடியிருப்பில் அந்தக் கேள்வியை யாரும் கேள்வியாக எடுத்துக்கொண்டதே இல்லை.

"ஏற்றுக்கொள்கிறவர்கள் வலது கையை உயர்த்துங்கள்" என்பார் சபையை நடத்தும் பிஷப் ஆல்மா டிங்லி. பதினேழு குடும்பத்துக் கைகளும் உயரும். "எதிர்ப்பவர் யாராவது இருந்தால், அதே விதமாக" என்று சொல்லி முடிப்பதற்குள் அவருடைய கண் அடுத்த பாட்டின் பக்கத்தைத் தேடப் போய்விடும். மூன்று வருஷமாக ஒரு கைகூட எதிர்த்து உயர்ந்ததில்லை. உயரும் என்று காத்திருப்பது, சாப்பாட்டு ஜெபம் முடிந்ததும் தட்டிலிருக்கும் பீன்ஸ் ஆமென் சொல்லும் என்று காத்திருப்பதற்குச் சமம்.

அந்த மார்ச் மாத ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் வைக்கப்பட்ட விஷயம், வயலுக்குத் தண்ணீர் திருப்ப நான்காவது அணை. சின்ன கொலராடோ ஆறு இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒடுங்கி ஓடும் அதே இடுக்கில், போன தடவையைவிட ஆறு அடி உயரமாக, திங்கட்கிழமை காலையே வேலை ஆரம்பம். கைகள் உயர்ந்தன. பிஷப் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமுவது கேட்டது. நிமிர்ந்து பார்த்தார்.

கதவோரத்துக் கடைசி பெஞ்சில் ஒரு கை உயர்ந்திருந்தது. முழங்கையில் கிழிந்த சட்டைக் கை. தோரிபியோ லுசேரோவின் கை.

பிஷப் ரொம்பப் பொறுமையாகச் சொன்னார். "தோரிபியோ, ஏத்துக்கிறவங்க முன்னாடியே தூக்கிட்டாங்கப்பா."

"தெரியும் பிஷப்பே. எதிர்க்கிறவங்க தூக்குங்கன்னீங்க. நான் எதிர்க்கிறேன்."

"நீ எங்க சபை ஆள் இல்லையே."

"இல்லதான். ஆனா யாராவதுன்னு கேட்டீங்களே."

"அது... கேட்கிறது வழக்கம்."

"பதில் வேணாம்னா எதுக்குக் கேக்கணும்? அந்த இடத்துல கட்டினா ஆறு தூக்கிட்டுப் போயிடும். நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். நீங்க பாட்டை எடுங்க. இன்னைக்கு என்ன பாட்டு?"

கையை இறக்கிக்கொண்டு தொப்பியை முழங்காலில் வைத்து, பாட்டுக்காக ஆவலோடு உட்கார்ந்துகொண்டான் அந்த மனிதன். பிஷப்பின் கழுத்து சிவந்துவிட்டது. சபையில் இல்லாதவர் கை கணக்கில் வராது என்று அறிவித்தார். பாட்டு ஆரம்பித்தது. ரெகொபோத்துக்காரர்கள் பாட்டில் கெட்டிக்காரர்கள். ஆனால் அன்றைக்கு ஆளுக்கொரு பக்கமாக இழுத்தார்கள்.

தோரிபியோ கத்தோலிக்கன். நியூ மெக்சிகோவிலிருந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்து, ஆற்றுக்கு மேற்புறம் நாலு மைல் தள்ளி, பத்து வருஷமாகத் தனியாக இருந்தான். வயது நாற்பதுக்குள். இவர்கள் வடக்கேயிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்த முதல் வாரமே, புதைமணலில் சிக்கிய மூன்று வண்டிகளைத் தன் கோவேறு கழுதைகளை வைத்து இழுத்துவிட்டவன் அவன்தான். எந்த ஊற்றுத் தண்ணீர் குடித்தால் வயிறு போகும், எது போகாது என்று காட்டியவன் அவன்தான். முதல் குளிர்காலத்தில், இவர்கள் சுற்றுச்சுவர் எழுப்பிக் குடியிருந்த கோட்டைக்குள் மாவு தீர்ந்தபோது, கேட்காமலே பதினொரு ஆடுகளை ஓட்டி வந்து வாசலில் விட்டுவிட்டு, நன்றி சொல்ல ஆள் வருவதற்குள் போய்விட்டான். ஞானஸ்நானம் எடுத்துக்கொள் என்று பிஷப் நாலைந்து தடவை கேட்டுப் பார்த்தார். "எங்கம்மா மேல இருந்து பார்த்துக்கிட்டு இருக்கா. செருப்பைக் கழட்டிடுவா" என்பான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பாட்டுக்கு மட்டும் தவற மாட்டான்.

அணை விஷயத்தையும் அவன் முதல் வருஷமே சொன்னான். இடுக்கில் கட்டாதீர்கள், அங்கே ஆற்றுக்கு அடியே கிடையாது, எவ்வளவு தோண்டினாலும் மணல். அரை மைல் கீழே ஆறு அகலமாகப் பரவுகிற இடத்தில், குறுக்காக அல்லாமல் சாய்வாக, வில்லோ மரக் கிளைகளை அடுக்கி, கல் ஏற்றி, இடுப்பளவு உயரத்துக்குக் கட்டுங்கள். வெள்ளம் வந்தால் மேலே ஏறிப் போகட்டும். பாதி பிய்த்துக்கொண்டு போகும். மறுபடி அடுக்குங்கள். எங்கள் ஊரில் நூறு வருஷமாக அப்படித்தான்.

அணை வேலைக்குத் தலைவன் யோர்கன் ஸ்கோவ், டென்மார்க்கிலிருந்து வந்த நெட்டைத் தச்சன். அவன் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "இது அணையா, குருவிக் கூடா?" என்றான். பிஷப் சிரிக்கவில்லை, ஆனால் அவருக்கும் அது பிடிக்கவில்லை. வருஷா வருஷம் பிய்த்துக்கொண்டு போகும் என்று தெரிந்தே ஒன்றைக் கட்டுவதா? அவர்கள் ஆண்டவருக்காக நிலைத்து நிற்கும் ஊரைக் கட்ட அனுப்பப்பட்டவர்கள். சுள்ளியை அடுக்கிவிட்டுப் போக வந்தவர்கள் இல்லை. எனவே மரமும் பாறையுமாக இடுக்கில் கட்டினார்கள். அது போயிற்று. நம் விசுவாசம் போதவில்லை என்று இரண்டு நாள் உபவாசம் இருந்துவிட்டு, இன்னும் கனமாகக் கட்டினார்கள். அதுவும் போயிற்று. மூன்றாவதை எட்டு மாதம் கட்டினார்கள். அது ஒரு மத்தியானத்தில் போயிற்று. ஒவ்வொரு தடவையும் தோரிபியோ வந்து, சரி வராது என்று ஒருமுறை சொல்லிவிட்டு, பிறகு சட்டையைக் கழற்றிக்கொண்டு இவர்களோடு சேர்ந்து பாறை சுமந்தான். அதுதான் அவனிடம் எரிச்சல் மூட்டுகிற விஷயம். ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்திருந்தால் கோபித்துக்கொள்ளவாவது முடிந்திருக்கும்.

கூட்டம் முடிந்து மணி அடித்தது. ரெகொபோத்தில் தனி அடுப்பு கிடையாது. எல்லாக் குடும்பமும் ஒரே நீள மேசையில்தான் சாப்பிடும். சாப்பிட்டு எழுந்ததும் பிஷப்பின் மனைவி திர்ஸா, பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு அவரைக் கோட்டைச் சுவரோரம் கூட்டிப் போனாள்.

"எனக்கு உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கத்தக் கூடாது."

"நான் எப்ப கத்தியிருக்கேன்?"

"இப்பவே கத்துறீங்க. இன்னைக்கோட நாலு தடவை அணைக்குக் கை தூக்கினேன் இல்லையா? ரெண்டாவது தடவையே எனக்கு நம்பிக்கை இல்ல."

"அப்புறம் ஏன் தூக்கினே?"

"எல்லாரும் தூக்கினாங்க. உங்க பொண்டாட்டி மட்டும் தூக்காம இருந்தா நல்லாவா இருக்கும்? போன வாரம் துணி துவைக்கிற இடத்துல பேசிக்கிட்டோம். ஒருத்திக்குக்கூட அந்த இடுக்கு மேல நம்பிக்கை இல்ல. ஒவ்வொருத்தியும் மத்தவளுக்கு இருக்கும்னு நினைச்சுக்கிட்டு கையத் தூக்கியிருக்கா."

"விதைக் கோதுமை ஒரு விதைப்புக்குத்தான் இருக்கு, உங்களுக்கே தெரியும்" என்றாள் திர்ஸா. "இதுவும் காஞ்சு போச்சுன்னா வண்டி கட்டிக்கிட்டு வடக்கே திரும்பணும். நான் வரமாட்டேன். நம்ம பொண்ணு ரூத்தை இந்த மண்ணுல புதைச்சிருக்கேன். அவளை விட்டுட்டு நான் எங்கயும் வரமாட்டேன்." அழுகையைச் சமையல் மேலங்கியால் அழுத்திக்கொண்டு பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

மத்தியானத்துக்கு மேல் பிஷப் கழுதையேறி ஆற்றோரமாகப் போனார். போகும்போது தோரிபியோவைக் கண்டிக்கத்தான் போகிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கொஞ்ச தூரம் வரைக்கும் அதை நம்பவும் செய்தார்.

தோரிபியோ பட்டியில் உட்கார்ந்து, செத்துப்போன குட்டியின் தோலை உரித்து, தாயில்லாத இன்னொரு குட்டிக்குச் சட்டை மாதிரி போட்டுக் கட்டிக்கொண்டிருந்தான். குட்டியை இழந்த தாய் அந்த வாசனையை நம்பிப் பால் கொடுக்கும்.

"வாங்க பிஷப்பே. காப்பி இருக்கு. ஐயோ, உங்க சபையில காப்பி, டீ எதுவும் ஆகாதே. பச்சைத் தண்ணியாச்சும் குடிங்க. தெளிஞ்சதை மேலா ஊத்தி வச்சது, சேறு இல்ல."

பிஷப் வாங்கிக் குடித்தார். கீழே பாதி சேறுதான்.

"கூட்டத்துல அப்படிப் பண்ணலாமா தோரிபியோ? அந்த இடத்தை நான் சும்மா சொல்லல. ஜெபம் பண்ணிட்டுச் சொன்னேன்."

"நானும் எங்க உழவங்க புனிதர் சான் இசித்ரோகிட்ட கேட்டுட்டுத்தான் கை தூக்கினேன். ரெண்டு பேர்ல யாருக்கோ சரியா காது கேக்கல." தோலை முடிச்சுப் போட்டு இறுக்கினான். "உங்க ஆண்டவர் என்ன சொன்னாரு? விரலை நீட்டி, இந்தப் பாறைக்கும் அந்தப் பாறைக்கும் நடுவுலன்னா?"

"வார்த்தையா சொல்ல மாட்டார். மனசுல ஒரு அமைதி வரும்."

"எனக்குச் சாப்பிட்டுப் படுத்தா தினமும் வருது."

பிஷப்புக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தண்ணீர்க் குவளைக்கு அடியில் தங்கிய சேற்றைப் பார்த்தார். வெர்மான்டில் அவருடைய அப்பா ஒரு மாவு ஆலைக்கு அணை கட்டியிருந்தார், இரண்டு பாறைகளுக்கு நடுவே, ஒரு கல்லும் அசையாமல். இந்த ஆற்றுக்கு வந்த முதல் நாள், வண்டியில் உட்கார்ந்தபடியே இடுக்கைப் பார்த்ததும் அவருக்கு அதுதான் ஞாபகம் வந்தது. அந்த நிமிஷமே தீர்மானித்துவிட்டார். ஜெபம் செய்தது அன்று சாயங்காலம். ஏற்கனவே தீர்மானித்ததைக் கொண்டுபோய் ஆண்டவர் முன்னால் வைத்து, தன் ஆசை திருப்திப்பட்டதை அவருடைய பதில் என்று எடுத்துக்கொண்டுவிட்டார். மூன்று வருஷம், மூன்று அணை, பதினேழு குடும்பத்து வயிறு. அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"இதை நான் அவங்ககிட்டச் சொன்னா, அடுத்த தடவை நான் சொல்றதை யார் கேட்பாங்க?" என்று கேட்டார். தோரிபியோவிடம் என்றுகூட இல்லை.

"அது உங்க பாடு பிஷப்பே. ஆத்தைப் பத்திக் கேளுங்க, சொல்றேன்."

"நீ ஏன்பா எங்களுக்காக இவ்வளவு பாடுபடுறே? உனக்கு நாங்க யாரு?"

தோரிபியோ தோல் முடிச்சை இழுத்துப் பார்த்தான். "நீங்க போயிட்டா மாட்டுக்காரனுங்க வருவானுங்க. துப்பாக்கியோட வருவானுங்க. என் ஆட்டைச் சுடுவானுங்க. அவனுங்களுக்குப் பாடவும் தெரியாது." பிறகு குட்டியைத் தாயிடம் தள்ளிவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நீங்க வர்றதுக்கு முன்னாடி ஏழு வருஷம் இங்க இருந்தேன். மனுஷன் குரலே கேக்காம. ஆட்டுக்கிட்டப் பேசிப் பேசி எனக்கும் ஆட்டுக் குரல் வந்துடுச்சு. மறுபடி அப்படி இருக்க என்னால முடியாது. போதுமா?"

தாய் ஆடு குட்டியை மோந்து பார்த்தது. ஒருமுறை முட்டித் தள்ளியது. பிறகு நின்று கொடுத்தது.

திங்கட்கிழமை காலை மண்வெட்டியும் கடப்பாரையுமாக எல்லோரும் இடுக்கில் கூடியிருந்தார்கள். பெண்களும் வந்திருந்தார்கள். பிஷப் ஒரு பாறைமேல் ஏறினார்.

"இந்த இடத்தை ஆண்டவர் எனக்குக் காட்டினார்னு உங்ககிட்ட நாலு தடவை சொன்னேன்" என்றார். "அவர் காட்டல. எனக்குப் பிடிச்சிருந்தது. என் பிடிவாதத்துக்கு அவர் பேரை வச்சுட்டேன். நீங்க பட்டினி கிடந்தது என்னாலதான். உங்க விசுவாசத்துல ஒரு குறையும் இல்ல."

நேற்று கூட்டத்தில் சிரித்த பெண், இப்போது அழுதுகொண்டிருந்தாள்.

"தோரிபியோ சொன்ன இடத்துல, அவர் சொல்றபடி கட்டலாம்னு நினைக்கிறேன். ஏத்துக்கிறவங்க..."

வாக்கியம் முடியவில்லை. கைகள் எல்லாம் உயர்ந்துவிட்டன. நேற்று எவ்வளவு வேகமாக உயர்ந்தனவோ அதே வேகத்தில், அதே கைகள். பிஷப் அந்தக் கைகளையே பார்த்தார். நாளைக்கு ஆற்றை வானத்தில் கட்டலாம் என்றாலும் இவர்கள் தூக்குவார்கள். அப்படிப் பழக்கியது வேறு யார்?

"எதிர்க்கிறவங்க" என்று கேட்டுவிட்டு இந்தத் தடவை அவர் கீழே குனியவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. சிலர் காலை மாற்றி நின்றார்கள். ஒருவர் தும்மிவிட்டு அதற்கு மன்னிப்புக் கேட்டார். கடைசியில், கூட்டத்தின் தலைகளுக்கெல்லாம் மேலே, ஒரு நீண்ட கை தயங்கித் தயங்கி எழுந்தது. யோர்கன் ஸ்கோவ்.

"மன்னிச்சுக்குங்க பிஷப். நேத்து நீங்க சொன்னதையும் நம்பினேன்னு சொல்ல முடியாது. இன்னைக்குச் சொல்றதையும் நம்ப முடியல. குருவிக் கூட்டுல ஆறு நிக்காது." அந்தப் பெரிய உடம்பு வெட்கத்தில் கூனிப் போயிருந்தது. "வேலைக்கு வர்றேன். என்ன சொன்னாலும் செய்றேன். ஆனா நம்பிக்கை இல்ல. கேட்டீங்க, அதனால சொல்றேன்."

"நல்லது யோர்கன்" என்றார் பிஷப். ஏனென்று புரியாமலே அவருக்கு அந்த மனிதனைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

ஐந்து வாரம் வில்லோ வெட்டினார்கள். முதல் மூன்று வாரம் முடிந்தவுடன் வயலுக்குப் போகும் வாய்க்காலில் தண்ணீர் திரும்பியது, கோதுமையும் விதைத்தார்கள். கிளைகளின் நுனி நீர் வரும் பக்கம், அடிமரம் போகும் பக்கம், நடுவே கல், அதன்மேல் மறுபடி கிளை என்று தோரிபியோ கத்திக்கொண்டே இருந்தான். யோர்கன் எல்லாவற்றையும் நேராக அடுக்கப் பார்ப்பான். "கோணலா வை! கோணலா! ஆத்துக்கு உன் மாதிரி நேரா நிக்கிறவனைப் பிடிக்காது!" என்று தோரிபியோ பிடுங்கிப் போடுவான். இருவரும் காலையிலிருந்து சாயங்காலம் வரை சண்டை போட்டார்கள். மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கோதுமை விரலளவு முளைத்தது.

மலைப் பனி உருகி வெள்ளம் வந்தது மே முதல் வாரத்தில், காலைச் சாப்பாட்டு நேரத்தில். மணியை யாரோ விடாமல் அடித்தார்கள். எல்லோரும் ஓடினார்கள். செம்பழுப்புத் தண்ணீர் அணைமேல் ஏறி உருண்டுகொண்டிருந்தது. பெரிய காட்டன்வுட் மரம் ஒன்று வேரோடு வந்து நடுவில் மோதியது. கண்ணெதிரே அணையின் நடுப்பகுதி, மொத்தத்தில் மூன்றிலொரு பங்கு, அவிழ்ந்து போனது. வாய்க்காலில் தண்ணீர் வற்றத் தொடங்கியது.

கரையில் ஒரு முனகல் எழுந்தது. அது மூன்று தடவை கேட்டுப் பழகிய முனகல். எல்லோரும் பிஷப்பின் பக்கம் திரும்புவார்கள், அவர் தொப்பியைக் கழற்றுவார், உபவாசம் அறிவிப்பார், மணலில் முழங்கால் போடுவார்கள். பிஷப் தொப்பியில் கை வைத்தார். என்ன சொல்வதென்று தேடினார். இன்னொரு தடவை தோற்றுப்போக அவரிடம் விதையும் இல்லை, வார்த்தையும் இல்லை.

யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை.

தோரிபியோ தண்ணீரை ஒரு பார்வை பார்த்தான். "ஓரம் ரெண்டும் நிக்குது. அப்புறம் என்ன? வெள்ளம் சாயங்காலம் வடிஞ்சுடும். இப்பவே ஓரத்துலேர்ந்து அடுக்கிக்கிட்டு வரணும்" என்று கத்திக்கொண்டே சட்டையைக் கழற்றினான். அவனுக்கு முன்னால் தண்ணீரில் இறங்கியது யோர்கன். நம்பிக்கை இல்லாதவன். தோளில் ஒரு கட்டு வில்லோ, மார்பு வரைக்கும் சேற்றுத் தண்ணீர். "கோணலாவா?" என்று கேட்டான். "கோணலா!" என்றான் தோரிபியோ. பின்னால் ஒவ்வொருவராக இறங்கினார்கள். கரையிலிருந்து பெண்கள் சங்கிலி போல் நின்று கிளைகளைக் கைமாற்றினார்கள். யாரும் தீர்மானம் வைக்கவில்லை. யாரும் கை உயர்த்தவில்லை. எல்லாக் கையிலும் கிளை இருந்தது.

பிஷப் மேட்டின்மேல் தனியாக நின்றார். இதற்குத்தானே பயந்தோம் என்று நினைத்தார். அன்று பாறைமேல் ஏறிப் பேசியபோது எது கைவிட்டுப் போகும் என்று நடுங்கினாரோ, அது போயேவிட்டது. இனி இவர்கள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கப் போவதில்லை. வலித்தது. மூன்று வருஷமாக ஒவ்வொரு முடிவுக்கும் தன்னைத் திரும்பிப் பார்த்தவர்களின் முதுகை இப்போது பார்ப்பது, அவருக்கு நிஜமாகவே வலித்தது.

"அங்க என்ன சிலை மாதிரி நிக்கிறீங்க?" என்று முழங்கால் அளவு தண்ணீரிலிருந்து திர்ஸா கத்தினாள். "எனக்குக் கை எட்டல! இறங்குங்க!"

அவர் இறங்கினார். அவளுக்கும் யோர்கனுக்கும் நடுவே ஓர் ஆள் இடம் காலியாக இருந்தது. அங்கே போய் நின்றுகொண்டார். வந்த கிளையை வாங்கி அடுத்த கைக்குக் கொடுத்தார். தப்பான முனையைக் கொடுத்துவிட்டதாக யோர்கன் திட்டினான். அடுத்ததை முனை மாற்றிக் கொடுத்தார்.